ஊருக்கெல்லாம் மருந்து

நோய் உள்ளவருக்கு மருந்து கொடுப்பது வைத்தியம். நோய் இருக்கிறதா என்று நாடி பிடித்துக்கூடப் பார்க்காமல், ஊரில் உள்ள அத்தனை பேரையும் ஒரே மருந்தை விழுங்கச் சொல்வது வேறொரு காரியம். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஜனங்கள் ‘யானைக்கால் மாத்திரை’, ‘பூச்சி மாத்திரை’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். 1990களில் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த புதுப் பழக்கம் இது என்று நினைப்பவர்கள் அநேகம். ஆனால் மதுரைச் சீமைக்காரர்களின் தொண்டைக்குள் இப்படிப்பட்ட மருந்து இறங்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. அந்த நூறு வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். மருந்து புழுவைக் குறைக்கும். குறைந்தது குறைந்தபடியே நிற்குமா என்பது மண்ணையும் தண்ணீரையும் பொறுத்தது. மருந்தால் கிடைப்பது கொஞ்சம் அவகாசம். அந்த அவகாசத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்த வரலாறே இருக்கிறது.

முதல் அத்தியாயம் மண்டபம் முகாமில். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின், கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கட்டிய ஆட்கள் இந்த வழியாகத்தான் பெரும்பாலும் கடல் தாண்டினார்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் ஜில்லாக்களின் குடியானவர்களும் தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்களும் மானாமதுரை வழியாக ரயிலேறி மண்டபத்தில் இறங்குவார்கள். கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை தொங்கும். இந்திய மண்ணில் இருந்தாலும் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். காலராவும் பிளேக்கும் பெரியம்மையும் தீவுக்குள் புகாமல் இருக்க, வந்தவர்களைச் சில நாள் அங்கே அடைத்துவைத்து, துணிமணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி அனுப்புவார்கள். 1920களில் இந்தச் சடங்கோடு இன்னொன்றும் சேர்ந்தது: கொக்கிப்புழுவுக்கு மருந்து. யாருக்குப் புழு இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற சோதனை கிடையாது. முகாமுக்குள் வந்தவர் எல்லாரும் குடிக்க வேண்டும். குடிக்காதவருக்குக் கப்பல் இல்லை.

இதற்குப் பின்னால் இருந்தது அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை. அதன் சர்வதேச சுகாதாரப் பிரிவில் கிழக்கு நாடுகளைக் கவனித்துவந்த விக்டர் ஹைசர், இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்க ஏற்பாடு செய்தார். 1916இல் மாத்தளைப் பக்கத்தில் வேலை ஆரம்பமானது. தோட்டத் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. ரத்தத்தை உறிஞ்சும் புழு அது. ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, மலையேற முடியாமல் உட்கார்ந்துவிடுவார். துரைமார் அதைச் சோம்பல் என்று குறித்துவைத்தார்கள். மருந்தாக அப்போது இருந்தவை தைமால், செனோபோடியம் எண்ணெய், பிற்பாடு கார்பன் டெட்ராகுளோரைடு. கடைசியில் சொன்னது நெருப்பணைக்கும் கருவியிலும் துணி வெளுக்கும் பட்டறையிலும் பயன்பட்ட திரவம். ஈரலைக் கெடுக்கும் என்று தெரிந்து பின்னாளில் கைவிட்டார்கள். பேதி உப்பைக் கொடுத்து, பட்டினி போட்டு, இதைக் குடிக்கவைத்தால் புழு விழுந்தது உண்மை. மெலிந்தவர் தேறியதும் உண்மை. ஆனால் கொஞ்ச காலத்திலேயே அதே தோட்டத்தில் அதே ஆட்களுக்கு மறுபடி புழு ஏறியது.

காரணம் ரகசியம் அல்ல. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் நிழலும் இருந்தால் பொரித்துக் குஞ்சாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வெயில் சுடும் வறண்ட மண்ணில் அந்தக் குஞ்சு தாக்குப்பிடிக்காது. மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிசலும் செம்மண்ணும் வருஷத்தில் பாதிக்கு மேல் அதற்குச் சுடுகாடு. தேயிலைச் செடி நிழலில் என்றும் ஈரமாயிருக்கும் மலைச்சரிவோ அதற்குத் தாய்வீடு. கக்கூஸ் கட்டாத லயன் வரிசை, செருப்பில்லாத கால், மழை: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் புழு பெருகாமல் என்ன செய்யும்? 1920களில் இந்தியாவில் இதை ஆராய்ந்த ஆஸா சாண்ட்லர், எத்தனை பேருக்குப் புழு இருக்கிறது என்ற கணக்கைவிட ஒரு உடம்பில் எத்தனை புழு இருக்கிறது என்ற கணக்கே முக்கியம் என்று அடித்துச் சொன்னார். நாலைந்து புழு உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஆளைக் கீழே தள்ளும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மண்டபத்து ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது. கூலி புழுவைக் கொண்டுவருகிறான் என்ற எண்ணத்தில் வாசலில் மருந்து ஊற்றினார்கள். உள்ளே போனபின் அவன் உடம்பில் புழுவைச் சேர்த்ததோ தோட்டத்து மண். கக்கூஸ் கட்டச் செலவு தோட்டத்துரைக்கு. மருந்து குடிக்கும் சிரமம் கூலிக்கு. எது நடந்தது, எது தள்ளிப்போனது என்று சொல்ல வேண்டியதில்லை. ராக்பெல்லர்காரர்களே அலுத்துப்போய், 1926இல் களுத்துறையில் சுகாதார அலகு என்ற வேறு வழிக்குத் திரும்பினார்கள். மண்டபம் முகாமின் கதை அதோடு முடியவில்லை. சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களும், 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் அதே மணலில்தான் இறங்கினார்கள்.

இரண்டாவது முயற்சி யானைக்கால் மீது. அதற்கு மருந்தைக் கொடுத்தவர் நம் பக்கத்து ஆள். யெல்லாப்ரகடா சுப்பாராவ் பீமவரத்துக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொல்படி கதர் அங்கியில் வந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் கீழ்ப்பட்டமான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது என்பார்கள். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கு அவர் தலைமை ஏற்றிருந்தபோதுதான் 1947இல் டைஎத்தில்கார்பமசின் வெளிவந்தது. யானைக்கால் நோய்க்கு அன்றும் இன்றும் அடிப்படை மருந்து அதுவே. கொசு கடித்து உள்ளே போகும் புழு நிணநீர்க் குழாய்களில் வருஷக்கணக்கில் குடியிருந்து, லட்சக்கணக்கில் நுண்குஞ்சுகளை ரத்தத்தில் விடும். அந்தக் குஞ்சுகளைக் கொல்லக்கூடியது இந்த மருந்து. வீங்கிய காலை இறக்கும் சக்தி அதற்கு இல்லை. அடுத்தவர் காலை வீங்காமல் காப்பதே அதன் வேலை. இந்த ஒரு விஷயத்தை ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லாமல் விட்டதால் எத்தனையோ வருஷம் வீணாய்ப் போயிற்று.

1955இல் இந்திய அரசு தேசிய ஃபைலேரியா (யானைக்கால்) கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊருக்கெல்லாம் மருந்து என்பதும் அதன் பகுதியாக இருந்தது. கூடவே வீட்டுச் சுவரில் பூச்சிமருந்துத் தெளிப்பு. 1960இல் மதிப்பிட வந்த குழு இரண்டையுமே தோல்வி என்று எழுதியது. தெளித்த மருந்துக்குக் கியூலெக்ஸ் கொசு பழகிவிட்டது. மாத்திரையை ஜனங்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்ததில் நியாயம் இருந்தது: பல நாள் தொடர்ந்து விழுங்க வேண்டும், ரத்தத்தில் குஞ்சு உள்ளவருக்கு அவை சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் உடம்புவலியும் வரும். சும்மா இருந்தவரைப் படுக்கவைக்கும் மருந்தை இரண்டாம் நாள் யார் தொடுவார்? அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் திட்டம் நகரங்களோடு சுருங்கியது. சாக்கடையில் எண்ணெய் தெளிப்பதும் இரவு ரத்தப் பரிசோதனையும்தான் மிச்சம். பகலில் நுரையீரலில் பதுங்கியிருக்கும் குஞ்சுகள், கொசு கடிக்கும் நேரம் பார்த்து ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும். ஆகவே ஊர் அடங்கியபின் சுகாதாரப் பணியாளர்கள் கண்ணாடித் தகடும் ஊசியுமாகக் கதவைத் தட்டி, தூங்குகிறவரை எழுப்பி, விரல் நுனியில் குத்தி மூன்று சொட்டு ரத்தம் எடுப்பார்கள். குஞ்சு தெரிந்தவருக்கு மட்டும் 12 நாள் மருந்து. கும்பகோணம், கடலூர் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கதவுத் தட்டல் மறந்திருக்காது.

பிறகு வந்தது கணக்கில் ஒரு திருப்பம். 12 நாள் மருந்து செய்கிற வேலையில் பெரும்பகுதியை வருஷத்துக்கு ஒரே ஒரு வேளை மருந்தும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டின. ஒரே வேளை என்றால் ஒரே நாளில் வீடு வீடாகப் போய் முடிக்கலாம். 1996இல் கடலூர் மாவட்டத்தில் சோதனையாக இது தொடங்கி, அடுத்தடுத்த வருஷங்களில் தமிழகத்தின் மற்ற யானைக்கால் மாவட்டங்களுக்கும் பரவியது. 1997இல் உலக சுகாதாரப் பேரவை உலகளாவிய ஒழிப்புத் தீர்மானம் போட்டபோது இங்கே வேலை ஆரம்பித்தாகிவிட்டது. பின்னால் அல்பெண்டசோல் கூடச் சேர்ந்தது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று, அதோடு அல்பெண்டசோல் ஒன்று. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கடும் நோயாளிக்கும் கிடையாது. தாய்ப்புழு சாகும்வரை, அதாவது குறைந்தது ஐந்து வருஷம், மக்கள்தொகையில் 65 சதவீதமாவது விழுங்கினால் சங்கிலி அறுந்துவிடும் என்பது கணக்கு. இங்கே ‘விழுங்கினால்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கொடுத்த எண்ணிக்கையும் விழுங்கிய எண்ணிக்கையும் ஒன்றல்ல என்று பல ஆய்வுகள் காட்டின. காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்த மாத்திரை எந்தக் கொசுவையும் தடுக்காது.

மதுரை நுழைவது இந்த இடத்தில். யானைக்கால் என்றால் தமிழருக்கு ஞாபகம் வருவது கும்பகோணமே தவிர வைகைக் கரை அல்ல. ஆனால் மாத்திரையை நிறுத்தியபின் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நாட்டில் மிகத் தெளிவான விடைகளில் ஒன்று மதுரையிலிருந்து வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் இங்கே மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. சின்னச் சொக்கிகுளத்தில் இருந்தது அதன் அலுவலகம். மூளைக்காய்ச்சல் பரப்பும் வயல்கொசுதான் அதன் முதல் கவலை. ரேச்சல் ரூபன் தலைமையில் அதன் ஆட்கள் 1990களில் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களை எடுத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தார்கள். சில கிராமங்களுக்கு வருடாந்திர மருந்து மட்டும். சில கிராமங்களுக்கு மருந்தோடு கொசு ஒழிப்பும். கொசு ஒழிப்பு என்றால் புகை அடிப்பது அல்ல. கொசு முட்டையிடும் கிணறுகளில் புழு தின்னும் மீனை விட்டார்கள். வீட்டுக் கழிவுநீர் நிற்கும் உறிஞ்சுகுழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். கடுகு மாதிரி வெள்ளை மணிகள், தண்ணீர் மேல் படலமாக மிதக்கும். கொசு உட்கார்ந்து முட்டையிட இடமில்லை. உள்ளே இருக்கும் புழு மேலே வந்து மூச்சுவிட வழியில்லை. தண்ணீர் ஏறினால் படலமும் ஏறும், இறங்கினால் இறங்கும், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். (2017இல் வைகை அணையில் தெர்மாகோல் பலகைகளை மிதக்கவிட்டு, காற்று அடித்ததும் அவை கரை ஒதுங்கிய வேடிக்கையைப் பார்த்த மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் நாலு பக்கம் சுவர் உள்ள குழியில் காற்று என்ன செய்யும்? பொருள் ஒன்றே, இடம் அறிந்து போட்டார்கள், அவ்வளவுதான்.) மருந்தை நிறுத்திய பிறகு, மருந்து மட்டும் கொடுத்த கிராமங்களில் கொசுவின் உடம்பில் புழு மறுபடி தலைகாட்டியது. கொசுவையும் கட்டுப்படுத்திய கிராமங்களில் கிடைத்த ஆதாயம் நின்றது. மண்டபம் முகாம் காட்டிய அதே பாடம், இந்த முறை அளந்து எழுதிய எண்களோடு.

இதற்கு மறுப்பு உண்டு, லேசான மறுப்பும் அல்ல. சீனா யானைக்காலை ஒழித்ததில் மருந்து கலந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1980களில் காரைக்காலிலும் அதே மருந்து உப்பைக் கொடுத்து நுண்குஞ்சு விகிதத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கினார்கள். இலங்கை 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று மாத்திரை கொடுத்து 2016இல் ஒழிப்புச் சான்று பெற்றது. ஆப்பிரிக்காவில் முதலாவதாக டோகோ 2017இல் பெற்றது. தமிழகத்திலும் கொசு குறைந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் மாவட்டம் மாவட்டமாகப் பரிசோதனையில் தேறி மாத்திரை நிறுத்தப்பட்டது. பிறகு சாக்கடைப் புராணம் எதற்கு என்று கேட்கலாம். விடையில் பாதி கொசுவின் வயிற்றில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்தப் புழுவைச் சுமக்கும் அனாபிலஸ் கொசு, ரத்தத்தில் குஞ்சுகள் குறைந்துவிட்டால் உள்ளே போனவற்றைத் தானே நசுக்கிவிடும். சங்கிலி சுலபமாக அறும். நம் சாக்கடைக் கியூலெக்ஸ் அப்படி அல்ல. குஞ்சு அரிதாக இருந்தாலும் அதைப் பத்திரமாக வளர்த்துவிடும். மீதிப் பாதி இலங்கையின் சொந்த வரலாற்றில். அங்கே யானைக்கால் எதிர்ப்பு இயக்கம் 1947இலேயே தொடங்கியது. மாத்திரை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே சாக்கடை மருந்தும் இரவுப் பரிசோதனையும் நடந்துகொண்டிருந்தன. ஐந்து சுற்று என்பது அந்த நெடுங்கணக்கின் கடைசி வரி. அப்படியும் சுற்றுகள் முடிந்து பல வருஷம் கழித்துக் காலி மாவட்டத்தில் கொசுக்களில் புழுவின் தடயம் கண்டுபிடிக்கப்பட்டது. உப்பு விஷயம் வேறு: அது வருஷத்துக்கு ஒரு நாள் அல்ல, தினமும் மூன்று வேளை. ஆக, மருந்தால் மட்டும் முடியாது என்று நான் சொல்லவில்லை. கியூலெக்ஸ் மண்டிய நகரத்தில் அது முடிந்த கணக்கு என்று மூடிவைக்க முடியாது என்கிறேன்.

மருந்தே இல்லாமல் ஒழிந்த புழுவும் இதே சமவெளியில் இருந்தது என்பது என் கட்சிக்கு இன்னொரு சாட்சி. நரம்புச் சிலந்தி என்று பெயர். படிக்கட்டுக் கிணற்றிலும் ஊரணியிலும் இறங்கிக் கால் நனைத்துத் தண்ணீர் மொண்ட காலத்தில் தென் மாவட்டங்களில் அது சாதாரணம். காலில் கொப்புளம் எழும்பும். எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் வைத்தால் உடையும். உள்ளிருந்து வெள்ளை நூலாகப் புழு எட்டிப்பார்க்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை மட்டும் இழுப்பார்கள். அவசரப்பட்டு அறுத்தால் கால் புரையோடும். இரண்டு மூன்றடி நீளம் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் உழவுக் காலத்தில். இதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை. படிக்கட்டுக் கிணற்றை மூடிக் கட்டி, ராட்டினம் போட்டு, கைப்பம்பு அடித்து, தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, டெங்குவுக்காக இன்று தொட்டியில் ஊற்றுகிறார்களே அதே அபேட் மருந்தைக் கிணற்றில் ஊற்றி ஒழித்தார்கள். தேசியத் திட்டம் சூடுபிடித்த 1980களின் முதல் பாதியிலேயே, ஏழு மாநிலங்களில் முதலாவதாகத் தமிழகம் விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானத்து ஜோத்பூர் மாவட்டத்தில். 2000இல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. தண்ணீரை மட்டும் திருத்தி ஒரு நோயைத் துடைத்தெறிந்த மண்ணில், தண்ணீரைத் திருத்துவது நடக்காத காரியம் என்று அதிகாரிகள் சொல்வதை ஏற்பது கடினம்.

நோயில்லாதவனை ஏன் விழுங்கச் சொல்கிறாய் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. மண்டபத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் இடமில்லை. இன்று உண்டு; மறுப்பவரை வற்புறுத்தும் அதிகாரம் வீடு தேடி வரும் ஊழியருக்கு இல்லை. என் பதில் இது: பக்கத்து வீட்டுக் குழந்தையின் காலுக்காக ஒரு நாள் தலைவலியைப் பொறுத்துக்கொள் என்று கேட்பது நியாயமே, கேட்கிறவர் தன் பங்கைச் செய்திருந்தால். தன் பங்கு என்பது சாக்கடை. அதோடு ஏற்கெனவே வீங்கிய கால்கள். மாத்திரை அவர்களுக்காக வந்ததல்ல. காலை தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர்களுக்கு மிச்சம். நிணநீர் தேங்கிய தோலில் ஒரு சின்ன வெடிப்பு போதும், குளிர்காய்ச்சலோடு கால் இன்னும் ஒரு சுற்று பருக்கும். ஒழிப்புச் சான்றிதழில் இந்தக் கால்களுக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். வாளியும் துண்டும் சோப்பும் தவறாமல் வந்து சேர்கிறதா என்பது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கப்பட வேண்டியது.

கொக்கிப்புழுவுக்கு 2015இல் தொடங்கிய குடற்புழு நீக்க நாள் இப்போது நாடு முழுக்க நடக்கிறது. 1 முதல் 19 வயதுவரை எல்லாருக்கும் அல்பெண்டசோல். வேலூரை ஒட்டிய திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பரவலே நிற்குமா என்று பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. யானைக்காலை 2027க்குள் முடிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இலக்கு. மாத்திரைப் பக்கம் நடக்கிற வேலைகள் இவை. மற்றொரு பக்கத்தை மதுரைக்காரர்கள் தினமும் தாண்டிப் போகிறார்கள். நாகமலைப் பக்கம் கிளம்பி, வைகையோடு சேர்ந்து நகரத்துக்கு மாலை போட்டதாகப் பழங்கதை சொல்லும் கிருதுமால், ஊருக்குள் நுழைந்ததும் கறுத்துத் தேங்கிய சாக்கடையாகிவிடுகிறது. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும், யானைக்கால் இன்னும் ஒழியாத ஜில்லாக்களிலிருந்தும் கட்டட வேலைக்கு ஆட்கள் வந்து அதன் கரையோரத்தில் தங்குகிறார்கள். அவர்கள் ரத்தத்தைச் சோதிப்பதை மண்டபத்து வாசல்காவலாக ஆக்கிவிடாமல், கிருதுமாலைத் தூர்வாரி ஓடவிடும்படி மாநகராட்சியைக் கேளுங்கள். அந்தத் தண்ணீரில் இட்ட முட்டை, கொசுவாகிப் பறக்கப் பத்து நாள் போதும்.